ஒருவருக்கு மூன்று திரை எதற்கு?

மோட்டார் வண்டி இல்லாமல் மோட்டார் ஓட்டுவதும், ஆகாய விமானம் இல்லாமல் ஆகாயத்தில் பறப்பதும் ஒரு காலத்தில் கனவு காண்பவர்களுக்கு மட்டுமே சாத்தியமாயிருந்தன. இப்பொழுது அவை வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு நாற்காலி, அதன் எதிரே மேஜையில் இறுக்கி வைத்த ஸ்டீரிங் சக்கரம், காலடியில் பெடல்கள், கண்ணுக்கு நேரே கணிப்பொறியின் திரை, இவ்வளவுதான் சாமான்கள். இவற்றை வைத்துக்கொண்டு திருச்சியிலோ திருநெல்வேலியிலோ உள்ள ஓர் இளைஞர், இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு, பெல்ஜியம் தேசத்து ஸ்பா பந்தயப் பாதையை ஏழு கிலோ மீட்டர் சுற்றி வருகிறார். அவருக்கு முன்னும் பின்னும் ஓடும் வண்டிகளின் சாரதிகள் ஜெர்மனியிலும் பிரேஸிலிலும் தத்தம் வீடுகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

இதுவரையில் வீட்டுப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சில மாதங்கள் சென்றதும் அந்த இளைஞர், "ஒரு திரை போதவில்லை, மூன்று வேண்டும்" என்று சொல்லும்போதுதான் குடும்பத்தில் கலகம் பிறக்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று திரையா? பந்தியில் உட்கார்ந்தவருக்கு மூன்று இலை போடுவதுண்டா? இருக்கிற ஒன்றையே இன்னும் பெரிதாக வாங்கினால் ஆகாதா?

கேள்விகள் நியாயமானவையே. பணம் செலவழிக்கப் போகிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் பதில் கணிப்பொறிக் கடையில் இல்லை. அது மனிதனுடைய கண்ணில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு க்ஷேத்திர கணிதத்தில் மீதி இருக்கிறது.

கண்ணின் ஓரம்

ரயில் நிலையத்தில் நம் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி நிற்கிறது. திடீரென்று நம் வண்டி புறப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வழியனுப்ப வந்தவர்களுக்குக் கை ஆட்டக்கூடத் தயாராகிறோம். பிறகு பார்த்தால் நகர்ந்தது அடுத்த வண்டி. நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இந்த ஏமாற்றத்தை அனுபவியாதவர் நம்மில் யாருமில்லை. எர்ன்ஸ்ட் மாக் என்ற ஆஸ்திரிய சாஸ்திரி 1875-ஆம் வருஷத்திலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நேரே பார்க்கும் கண் எழுத்தைப் படிக்கிறது, முகத்தை அடையாளம் காண்கிறது. ஓரக்கண்ணுக்கு எழுத்தும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் அசைவு தெரியும். நாம் ஓடுகிறோமா, நிற்கிறோமா, எவ்வளவு வேகமாய்ப் போகிறோம் என்ற தகவலில் பெரும்பங்கு மூளைக்குப் போய்ச் சேருவது இந்த ஓரத்தின் வழியாகத்தான். மனிதனுடைய இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரிக்குக் குறையாமல் பார்க்கின்றன. மேஜைமேல் இருக்கும் ஒற்றைத் திரை அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்புவதில்லை. மீதிப் பங்கில் சுவரும், காலண்டரும், துவைத்துப் போட்ட துணியும் அசையாமல் நின்று, "நீ எங்கேயும் போகவில்லை" என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இது ரஸனையைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பந்தயத்தில் ஒரு வண்டி நம்மை முந்த வரும்போது அது முதலில் தெரிவது நேர் எதிரே அல்ல, தோளுக்கு அருகில். அங்கே திரை இல்லாவிட்டால் அந்த வண்டியும் இல்லை. இல்லாத வண்டியென்று எண்ணி வளைவில் உள்ளே திரும்பினால், பிரேஸிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருடைய ஒரு மணி நேர உழைப்பு ஒரு நொடியில் வீணாகிவிடும். ஒற்றைத் திரைக்காரர்களின் பேரில் சக பந்தயக்காரர்களுக்கு உண்டாகும் கோபத்தில் பாதிக்குக் காரணம் இதுதான்.

ஒற்றைத் திரையின் பொய்

27 அங்குலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. இன்று வழக்கத்திலுள்ள பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் அதன் அகலம் சுமார் 60 செ.மீ., உயரம் 34 செ.மீ. கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. தூரம் என்று வைத்தால் அந்தத் திரை கண்ணில் 53 டிகிரிக் கோணத்தை அடைக்கிறது. திரையை ஒரு சன்னலாக நினைத்தால், அந்தச் சன்னலின் வழியாக உண்மையில் தெரியக்கூடியது 53 டிகிரி உலகமே. 90 செ.மீ. தூரம் தள்ளி உட்கார்ந்தாலோ 37 டிகிரிதான்.

53 டிகிரியில் மோட்டார் ஓட்டுவது தபால் பெட்டியின் வாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். பக்கத்துக் கண்ணாடி தெரியாது. வளைவின் உட்புறம் தெரியாது. ஆகையால் விளையாடுகிறவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். அதே சன்னலுக்குள் 90 டிகிரி உலகத்தை அமுக்கித் திணிக்கும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிடுகிறார்கள். எல்லாம் தெரிகிறது. ஆனால் நடுவிலுள்ள பொருள்களெல்லாம் இருக்க வேண்டிய அளவில் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. 45 டிகிரியின் டான்ஜெண்ட் 1. இருபத்தாறரை டிகிரியின் டான்ஜெண்ட் ஏறக்குறைய அரை. கணக்கு அவ்வளவுதான். நூறு மீட்டரில் இருக்கும் வளைவு இருநூறு மீட்டரில் இருப்பதாகக் கண் எண்ணுகிறது. பிரேக் பிடிக்க இன்னும் அவகாசம் இருக்கிறதென்று கால் நினைக்கிறது. பழக்கத்தினால் இந்தப் பொய்யைச் சமாளிக்கலாம், பலர் சமாளித்து ஜயிக்கவும் செய்கிறார்கள். ஆனால் பொய் பொய்தான். அப்படிப் பழகிய கண் நிஜப் பாதைக்குப் போகும்போது, கற்றதை மறப்பதற்கே முதலில் பாடுபட வேண்டியிருக்கும்.

மூன்று திரை வேண்டுமென்பதன் தாத்பரியம் இதுதான்: பொருளைச் சுருக்காமல், உள்ளபடியே காட்டி, பக்கத்தையும் காட்டுவது. மூன்று சன்னல், ஒவ்வொன்றும் 53 டிகிரி, ஆகமொத்தம் 159.

பழைய ஆசை

மனிதனைச் சித்திரத்தால் சூழ்ந்துவிட வேண்டுமென்ற ஆசை கணிப்பொறியோடு பிறந்ததன்று. எடின்பரோவில் வாழ்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787-இல் வட்டமான சித்திரத்துக்குப் பேடண்டு வாங்கினார். 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் கட்டி, நடுவில் ஜனங்களை நிறுத்தி, சுற்றிலும் நகரங்களையும் யுத்தங்களையும் காட்டிக் காசு வசூலித்தார். 1927-இல் பிரெஞ்சுக்காரரான ஆபெல் கான்ஸ், நெப்போலியனைப் பற்றிய தம்முடைய பேசாப் படத்தின் கடைசிப் பகுதியை மூன்று திரைகளில் மூன்று யந்திரங்களைக் கொண்டு ஒரே சமயத்தில் ஓட்டினார்.

இந்த வரிசையில் விசேஷமானவர் அமெரிக்கரான பிரெட் வாலர். (நீர்ச்சறுக்குப் பலகைக்குப் பேடண்டு வாங்கியவரும் இவரே. மூளை ஓரிடத்தில் நிற்காத மனிதர்.) இரண்டாவது உலக யுத்தத்தின்போது, விமானத்திலிருந்து சுடும் வீரர்களைப் பழக்குவதற்காக ஐந்து படயந்திரங்களை வைத்து உருண்டையான திரையில் எதிரி விமானங்களைப் பறக்கவிட்டார். யுத்தம் முடிந்ததும் அதே தத்துவத்தை வைத்து ஸினிராமாவை உண்டாக்கினார். 1952 செப்டம்பரில் நியூயார்க்கில் முதல் காட்சி. மூன்று யந்திரங்கள், 146 டிகிரி வளைந்த திரை. படத்தின் ஆரம்பத்தில் மலையேறி இறங்கும் விளையாட்டு ரயிலில் சபையோரை ஏற்றி விட்டார்கள். ஸினிராமாவின் தீராத தலைவலி மூன்று படங்களும் சேரும் இரண்டு கோடுகள். இன்று நம் வீட்டு இளைஞர் திரைகளின் சட்டங்களைப் பார்த்து எரிச்சல் படுவதும் அதே இரண்டு கோடுகளுக்காகத்தான்.

இந்த விளையாட்டின் இன்னொரு பாட்டனார் எட்வின் லிங்க். நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த பிங்காம்டன் ஊரில் இவருடைய தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியமும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. இளைஞர் லிங்க்குக்கு விமானம் ஓட்டக் கற்க ஆசை. கற்றுக்கொடுக்கக் கேட்ட கட்டணமோ எட்டாத உயரத்தில். ஆகவே ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு, தரையில் நின்றபடியே சாயவும் திரும்பவும் கூடிய குட்டி விமானம் ஒன்றை 1929-க்குள் செய்து முடித்தார். அதற்கு அவர் வாங்கிய பேடண்டின் தலைப்பிலேயே, விமானம் பழகுவோருக்கான கருவி என்றும் பொழுதுபோக்குச் சாதனம் என்றும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் பொம்மையாக வைத்தார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபாலை ஏற்று நடத்தி, மேகத்திலும் பனியிலும் வழி தெரியாமல் விமானிகள் பலரைப் பலிகொடுத்த பிறகுதான் அந்தப் பொம்மையின் அருமை தெரிந்தது. ஆறு யந்திரங்களை, ஒவ்வொன்றும் 3,500 டாலர் விலையில் வாங்கினார்கள். யுத்தம் வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகினார்கள்.

இந்த வரலாற்றில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்றுண்டு. விளையாட்டா பாடமா என்ற சண்டை நம் வீடுகளில் இன்று தோன்றியதன்று. அந்த யந்திரம் பிறந்த அன்றே அதன் ஜாதகத்தில் இரண்டும் எழுதியிருந்தன. அதைப் பிறப்பித்ததும் பணமில்லாமை.

நூல் கணக்கு

இனி, வீட்டில் செய்யும் காரியத்துக்கு வருவோம். திரைகளை மேஜையில் வரிசையாக நேர்கோட்டில் வைப்பவர்கள் உண்டு. அது பிசகு. பக்கத்துத் திரைகள் கண்ணிலிருந்து தூரமாகப் போய், சாய்வாகவும் தெரியும். உள்ளே மடக்க வேண்டும். எவ்வளவு மடக்குவது?

ஒரு வட்டத்தில் சமமான நாண்கள் மையத்தில் சமமான கோணங்களை உண்டாக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நெட்டுருப் போட்டிருக்கிறோம். மூன்று திரைகளும் மூன்று சமமான நாண்கள். வட்டத்தின் மையம் ஓட்டுகிறவருடைய கண். 27 அங்குலத் திரை, 60 செ.மீ. தூரம் என்றால் அந்த வட்டத்தின் ஆரம் 67 செ.மீ. ஆகவே 67 செ.மீ. நீளத்துக்கு ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் வழக்கம்போல் சாய்ந்து உட்காரட்டும். வேறொருவர் நூலின் ஒரு நுனியை அவருடைய கண் இருக்கும் இடத்தருகே பிடித்துக்கொண்டு, மறு நுனியைத் திரைகளின் ஓரங்களுக்குக் கொண்டு போகட்டும். இடக்கோடி, முதல் சந்திப்பு, இரண்டாம் சந்திப்பு, வலக்கோடி ஆகிய நான்கு இடங்களையும் நூல் சரியாகத் தொட்டால் வேலை முடிந்தது. தச்சர் மட்டப்பலகையும் வேண்டாம், மேனாட்டு லேஸர்க் கருவியும் வேண்டாம். நடுத்திரைக்கு நேர்கோட்டிலிருந்து பக்கத் திரைகள் 53 டிகிரி உள்ளே மடங்கியிருக்கக் காண்பீர்கள்.

இதில் வீட்டுக்காரிகளுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூன்று திரைகளை நேராக வைத்தால் 180 செ.மீ. சுவரை அடைக்கும். மடக்கி வைத்தால் 132 செ.மீ. போதும்; அதாவது நாலரை அடிக்குள். ஒரு சிறிய அறையின் மூலையில் அடங்கிவிடும்.

திரையைக் கிட்டே கொண்டுவருவதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. கண்ணுக்குக் கெடுதல் என்று அஞ்சுகிறார்கள். புத்தகத்தை நாம் இதைவிடக் கிட்டத்தில்தான் பிடிக்கிறோம். இடையிடையே எழுந்து தூரத்தில் உள்ளதைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது இரண்டுக்கும் பொதுவான விதி. தூரத்தைக் கூட்டினால் திரையைப் பெரிதாக வாங்கியாக வேண்டும். 32 அங்குலத் திரைக்கு 70 செ.மீ. தூரம் வைத்தால் மேலே சொன்ன கோணங்களே கிடைக்கும். பெரிய திரையை வாங்கித் தூரத்தில் வைப்பதும், சிறிய திரையை வாங்கிக் கிட்டத்தில் வைப்பதும் கண்ணின் கணக்கில் ஒன்றே. பணப்பையின் கணக்கில் ஒன்றல்ல.

திரைகள் மூன்றும் ஒரே தயாரிப்பாளருடைய ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். பழையதை நடுவில் வைத்துக்கொண்டு புதியவற்றைப் பக்கத்தில் சேர்த்தால், நடு வானம் நீலமாகவும் ஓர வானம் பழுப்பாகவும் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறாத ஐ.பி.எஸ். ரகம் இதற்கு உகந்தது.

ஒரு படமா, மூன்று படங்களா?

திரைகளை ஒழுங்காக நிறுத்திவிட்டு, உள்ளே படத்தைத் தவறாக ஓட்டுகிறவர்களே அதிகம். பணம் முழுவதும் செலவாகி, பயன் மட்டும் கிடைக்காமற் போகும் இடம் இதுதான். ஆகையால் சற்று நின்று விளக்குகிறேன்.

மூன்று திரைகளையும் ஒரே அகலத் திரையாகக் கருதும்படி கணிப்பொறிக்குச் சொல்லலாம். ஏ.எம்.டி. கம்பெனி 2009-லும் என்விடியா கம்பெனி அடுத்த வருஷமும் இந்த வசதியைச் சாதாரண ஜனங்களுக்குக் கொண்டுவந்தன. அப்போது கணிப்பொறி ஒரு தட்டையான கண்ணாடியில் படம் வரைவது போல வரைந்து மூன்று துண்டாக வெட்டிக் கொடுக்கும். தட்டையான கண்ணாடியில் அகலக் காட்சியை வரைந்தால் ஓரங்கள் இழுபடுவது தவிர்க்க முடியாதது. 120 டிகிரிப் படத்தில் ஓரத்திலுள்ள ஒரு டிகிரி, நடுவிலுள்ள ஒரு டிகிரியைப் போல நாலு மடங்கு இடத்தைப் பிடிக்கும். 150 டிகிரியில் ஏறக்குறைய பதினைந்து மடங்கு. 180 டிகிரிக்கோ உலகத்திலுள்ள கண்ணாடி முழுவதும் போதாது. இந்த ஏற்பாட்டில் பக்கத்து வண்டி ரப்பரைப் போல நீண்டு, ஒரு பெரிய லாரியாகி, பிறகு சட்டென்று மறைந்துவிடும். வேகத்தை அறிவதற்காக வாங்கிய ஓரத்திரையே வேகத்தைப் பற்றிப் புளுகத் தொடங்கும்.

சரியான முறை, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக, அது நிற்கும் கோணத்துக்கு ஏற்றபடி படம் வரைவது. 2008-இல் வெளிவந்த ஐரேஸிங், இத்தாலியர்கள் 2014-இல் முடித்து வெளியிட்ட அஸெட்டோ கோர்ஸா ஆகிய பந்தய விளையாட்டுகள் இதைச் செய்கின்றன. விமான விளையாட்டுகளில் எக்ஸ்-பிளேன் செய்கிறது. திரையின் அகலம் என்ன, சட்டத்தின் கனம் என்ன, கண்ணிலிருந்து தூரம் என்ன, பக்கத் திரையின் கோணம் என்ன என்று அவை கேட்கும். நூலால் அளந்ததை அப்படியே எழுத வேண்டும். மடக்கிய கோணமாகிய 53-ஐக் கேட்கிறதா, திரைகளுக்கிடையே உள்ள 127-ஐக் கேட்கிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். எல்லா விளையாட்டும் இதைச் செய்வதில்லை. ஆகவே திரை வாங்குவதற்கு முன்பே, தாம் விரும்பும் விளையாட்டு செய்யுமா என்று விசாரித்தறிவது புத்திசாலித்தனம்.

சரியாக அமைந்த பிறகு பாருங்கள்: பாதையோரத்து வேலி நடுத்திரையிலிருந்து பக்கத் திரைக்கு ஒடியாமல் நேர்க்கோடாய்ச் செல்லும். ஆனால் அது ஓட்டுகிறவருடைய ஆசனத்திலிருந்து பார்த்தால்தான். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் தம்பிக்குக் கோணலாகவே தெரியும். "அண்ணா, உன் திரை சரியில்லை" என்பான். புளோரென்ஸ் நகரத்தில் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் புருனெல்லெஸ்கி தம் சித்திரத்தில் ஒரு துவாரம் செய்து, அதன் வழியாக மட்டும் பார்க்கச் சொன்ன காரணமும் இதுவே. தூரத்தை ஏமாற்றிக் காட்டும் சித்திரத்துக்குக் கண் இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

சுமை

மூன்று திரைக்கு ஒரே நேரத்தில் படம் வரைய யந்திரத்துக்குப் பலம் வேண்டும். 1920-க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். மூன்றில் 62 லட்சம். 2560-க்கு 1440 என்ற நயமான திரை மூன்றில் 1 கோடியே 10 லட்சம் புள்ளிகள். இவ்வளவையும் விநாடிக்கு 60 தடவையாவது புதிதாக வரைந்தாக வேண்டும். நளன் ருதுபர்ணனுக்குத் தேரோட்டியபோது, விழுந்த மேலாடையை எடுக்க வேண்டுமென்று ராஜா சொல்லி முடிப்பதற்குள் தேர் வெகுதூரம் கடந்துவிட்டதாம். மணிக்கு 200 கிலோ மீட்டரில் ஓடும் வண்டி விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் படத்துக்குப் படம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாவுகிறது. 144 படம் காட்டும் திரையில் தாவல் நாற்பது செ.மீ.க்குள் அடங்கும். எனவே புள்ளிகளைக் குறைத்தாவது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம். தலைசுற்றலுக்கும் இதுவே மருந்து.

தலைசுற்றலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கண் "ஓடுகிறோம்" என்கிறது. காதின் உள்ளே இருக்கும் நிதான உறுப்பு "இல்லை, நிற்கிறோம்" என்கிறது. இந்த வழக்கைத் தீர்க்க முடியாமல் வயிறு புரட்டுகிறது. முதல் நாட்களில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது. மின்விசிறி முகத்தில் பட வேண்டும். குமட்டலின் முதல் அறிகுறி தெரிந்ததும் வீரம் காட்டாமல் எழுந்துவிட வேண்டும். திரையின் கோணமும் விளையாட்டுக்குக் கொடுத்த எண்களும் பொருந்தாவிட்டால் இந்த உபத்திரவம் இன்னும் அதிகமாகும்.

மின்சாரச் செலவையும் மறக்கலாகாது. நல்ல கணிப்பொறியும் மூன்று திரைகளும் சேர்ந்து ஓடும்போது 500 வாட் சாதாரணமாக இழுக்கும். பழைய மாதிரி மின்விசிறி ஆறேழு ஓடுவதற்குச் சமம். அவ்வளவும் உஷ்ணமாக அந்த அறையிலேயே தங்குகிறது. சித்திரை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதற்கில்லை. வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

திரைகளும் கார்டுகளும் அன்னிய நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. அதற்கு நாம் இப்போது என்ன செய்ய முடியும்? ஆனால் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் தெருக்கோடி வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயைக் கொண்டு ஒரே நாளில் செய்து தருவார்கள். நாற்காலிச் சட்டத்தோடு திரைச் சட்டத்தைச் சேர்க்காமல் தனியே நிறுத்தச் சொல்லுங்கள்; சேர்த்தால் ஸ்டீரிங் சக்கரத்தின் உதறலில் திரைகள் மூன்றும் நடுங்கும். ஒவ்வொரு திரையும் ஏற, இறங்க, முன்பின் நகர நீள்துளைகள் வைக்கச் சொல்லுங்கள். நூல் கணக்குச் சரியாவது அந்தத் துளைகளில்தான்.

இதற்கெல்லாம் ஆகும் மொத்தச் செலவு ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்குக் குறையாது. செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு மாற்று வழிகள் உண்டு. 49 அங்குல வளைந்த திரை ஒன்றே இரண்டு 27 அங்குலத் திரைகளுக்குச் சமம். சந்திப்புக் கோடு இல்லை, ஆனால் தோளருகே வரும் வண்டி தெரியாது, விலையும் இளப்பமில்லை. முகமூடிபோல் மாட்டிக்கொள்ளும் கருவி, தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் உலகத்தைக் காட்டும், தூரத்தையும் உணர்த்தும். ஆனால் நம் ஊர் வெயிலில் அதை ஒரு மணி நேரம் தலையில் கட்டிக்கொண்டிருப்பது தபஸுக்கு ஒப்பாகும். கையருகே உள்ள தண்ணீர்க் குவளைகூடத் தெரியாது.

எதைக் கற்றுத் தரும்?

மிச்சமிருப்பது பெரியவர்களுடைய கடைசிக் கேள்வி: இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

2008 முதல் 2016 வரையில் நிஸான் கம்பெனியும் ஸோனி கம்பெனியும் சேர்ந்து, கிரான் டுரிஸ்மோ என்ற விளையாட்டில் தேர்ந்தவர்களைப் பொறுக்கி எடுத்து நிஜப் பந்தய வண்டியில் ஏற்றின. 2011-இல் தேறியவர் ஜான் மார்டன்பரோ என்ற பத்தொன்பது வயது பிரிட்டிஷ் வாலிபர். 2013-இல் அவரும் கூட்டாளிகளும் லீ மான் இருபத்துநாலு மணிப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்தார்கள். 2014-இல் இந்தியாவிலும் இந்தத் தேர்வு நடந்தது. அந்த விளையாட்டைப் பெரும்பாலோர் ஆடுவது வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றில்தான் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. திறமை திரைகளின் எண்ணிக்கையிலிருந்து பிறப்பதில்லை.

அதே மார்டன்பரோ 2015-இல் ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் பாதையில் ஓட்டியபோது வண்டி காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் உயிர் இழந்தார். திரையில் வண்டி கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அமுக்கி மறுபடியும் புறப்படலாம். பயம் என்ற ஆசிரியர் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. பக்கவாட்டு இழுப்பில் கழுத்துப் படும் பாடும், டயர் நழுவுவதை முதுகெலும்பு உணரும் விதமும் அங்கே கிடையா. விமான விஷயத்திலும் அப்படியே. வீட்டில் ஆயிரம் மணி பறந்தாலும் அது விமானியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. அங்கீகாரம் பெற்ற யந்திரத்தில் பழகிய மணிகளுக்கே மதிப்பு.

ஆனால் பாதையை மனப்பாடம் செய்யலாம். எங்கே பிரேக், எங்கே திருப்பம், எந்த இடத்தில் பொறுமை என்பதைக் கற்கலாம். 2020-இல் கொள்ளைநோயால் பந்தயங்கள் நின்றபோது பெரிய பந்தய வீரர்களே வீட்டில் உட்கார்ந்து இப்படி ஓடினார்கள். நம் தேசத்தில் நிஜப் பந்தயப் பாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சென்னைக்கு அருகே 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை, கோயமுத்தூர் கரி மைதானம், டில்லிக்கு அருகே 2011-இல் திறந்த புத்த் பாதை என்று சில. பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவரே. கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-லும், சென்னை கருண் சந்தோக் 2010-லும் அதில் இறங்கினார்கள். இருவரும் மோட்டார்ப் பந்தயம் புழங்கிய குடும்பங்களில் பிறந்தவர்கள். குழந்தைப் பருவம் முதல் நிஜ வண்டியில் பழகுவதற்கு லட்சக்கணக்கில் வேண்டும். அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தனக்குக் கை வருமா வராதா என்று பார்த்துக்கொள்ளவாவது ஓர் இடம் வேண்டாமா? எட்வின் லிங்க்கும் அதைத்தானே கேட்டார்?

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வாங்கும் வரிசை. முதலில் ஸ்டீரிங்கும் நல்ல பெடலும், அசையாத நாற்காலியும். பிறகு ஒரே ஒரு திரை. அதை 60 செ.மீ.க்குக் கிட்டே இழுத்து 53 டிகிரியிலேயே ஆறு மாதம் ஓட்டிப் பழகட்டும். ஆசை அதற்குப் பிறகும் நிலைத்தால், அதே மாதிரித் திரை இன்னும் இரண்டு. ஆறு மாதத்தில் அந்த மாதிரி கடையில் கிடைக்காமல் போவதுண்டு; வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டு வைக்க வேண்டும்.